எந்தக் கை?

“எந்தக் கை?”

கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்கமாட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி, மூடி கழற்றாத பேனாவால் கூட்டத்தில் ஒருவரைக் காட்டி இதை மட்டும் கேட்பார். கேட்கப்பட்டவர் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். அதற்குள் அவருடைய பெயர் பாதி எழுதப்பட்டிருக்கும்.

ரத்த வங்கியின் எழுத்தர் அவர். வயது ஐம்பத்தாறு. நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் ‘கொசு சார்’ என்பார்கள். அது அவருக்கும் தெரியும். “கொசு கடிச்சுட்டு பறந்துடும். நான் பிஸ்கட்டுல்ல குடுக்கறேன்?” என்பார்.

அந்த மருத்துவமனையில் நோயாளிக்கு ரத்தம் ஏற்றினால், ஈடாக அவருடைய மனிதர்கள் யாராவது ரத்தம் கொடுக்கவேண்டும். எந்த வகை ரத்தமானாலும் சரி. இதற்குப் ‘பதில்’ என்று பெயர். நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் பதில் கொடுப்பவர்களின் பெயர் முன்பே படிவத்தில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் தேதி கிடைக்காது. அவர் வாயில் ரத்தம் என்ற சொல்லே வராது. “ரெண்டாவது பதில் எப்ப வருது?” என்று ஏதோ கடிதம் எதிர்பார்க்கிறவர் மாதிரி கேட்பார்.

வரிசையில் நிற்கிறவர்கள் யாரை யார் என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் அவருக்குக் காது. மாமியார் பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்து, “மாப்பிள்ளைக்கு எந்தக் கை?” என்பார். அந்த இடத்தில் இல்லை என்று சொல்லக்கூடிய மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. சாப்பிடவில்லை என்பவருக்கு பிஸ்கட்டும் பிளாஸ்க் டீயும் வரும். என் குரூப் வேறே என்பவருக்கு, “பதிலுக்கு ஏது சார் குரூப்பு?” என்ற சிரிப்பு வரும். நான் பெரியம்மாவின் ஆபரேஷனுக்குப் போய் இவரிடம் மாட்டிக்கொண்டவன். மெதுவாகப் படியிறங்கப் பார்த்தேன். “பெரியம்மா கையால சாப்பிட்டு வளர்ந்த தம்பி எங்க கிளம்பிட்டாரு?” என்று குரல் கொடுத்தார். பெரியம்மாவின் பிள்ளைகள், என் அண்ணன்மார் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இடது கை என்றேன். அன்று முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்தவர் தோளில் கேனோடு ஒரு குடும்பத்தின் நடுவே நின்றுவிட்டார். “மச்சானுக்கு எந்தக் கை?” என்று கேட்டுவிட்டார் இவர். அந்த வீட்டு அம்மாள் கேன்காரரை நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். கேனை இறக்கி வைத்துவிட்டு, “வலது” என்றார். படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ‘மைத்துனர்’ என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கேன்காரர் திருத்தவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டுக்கு அவர் மைத்துனர்தானாம். இதைச் சொல்லும்போது மட்டும் எழுத்தர் வாய்விட்டுச் சிரிப்பார்.

மற்ற நேரங்களில் சிரிப்பு கவுன்ட்டரோடு சரி. மதியம் ஒன்றரைக்குத் தடுப்பின் திரையை இறக்கிவிட்டு, ரத்தம் கொடுப்பவர்களின் கைப்பைகளை வைக்கிற நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இருந்தவரை அவரோடு இருந்தார். நான்கு வருடமாக வீட்டு வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதான். சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பார். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது.

போன வாரம் பெரியம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நின்றபோது நர்ஸ் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தாள்.

“கொசு சாருக்கே பதில் வேணும் சார். மூட்டு மாத்தணும்னு டாக்டர் சொல்லி நாலு மாசமாச்சு. ரெண்டு பேர் எழுதினா தேதி குடுத்துடுவாங்க. எழுத ஆளில்ல.”

“நீங்கல்லாம் இருக்கீங்களே?”

“நாங்களா போய் நின்னாலும் வேணாங்கறார் சார். திட்டி அனுப்பறார்.”

கவுன்ட்டருக்குப் போனேன். கூட்டமில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் அந்தப் படிவம் இருந்தது. நோயாளி பெயர் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. கீழே இரண்டு வரிகள் காலி. இருபத்திரண்டு வருடமாக ஊராரின் படிவங்களை நிரப்பியவர் தன்னுடையதை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இங்க இருக்கற பிள்ளைங்ககிட்ட வாங்கிக்கலாமே சார்?” என்றேன்.

“எப்படி வாங்கறது? ட்யூட்டி போடறது நான். இன்னைக்கு ஒரு பொண்ணு குடுத்துட்டு நாளைக்கு லீவு கேட்டா, நான் முடியாதுன்னு சொல்லமுடியுமா? இல்ல, நான் கேட்டா அதுதான் முடியாதுன்னு சொல்லுமா?”

இதைச் சொன்ன வாய்தான் மாமியார் முன்னால் மாப்பிள்ளையைக் கேட்கிற வாய். நான் அவரையே பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைத் திறந்து மூடினார்.

“சொந்தத்துல?”

“தம்பி இருக்கான். அப்பா ஆபரேஷனுக்கு வந்திருந்தான். ஊசின்னா சின்ன வயசுலேர்ந்து பயம் அவனுக்கு. எனக்குத் தெரியும். அவன் மாமனார் வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் நிக்கறாங்க. ‘பெத்தவருக்குக் குடுக்கவே பயமா? எந்தக் கை?’ன்னு இங்கேர்ந்தே கேட்டேன். குடுத்தான். எழுந்து வந்தவன் அவங்க காலடியிலயே மயங்கி விழுந்தான். அதோட பேச்சு நின்னுபோச்சு. பதினோரு வருஷம். அப்பா பாடையைத் தூக்கும்போதுகூட அவன் அந்தப் பக்கத் தோள்தான்.”

“போன் பண்ணிப் பாருங்களேன்.”

“பண்ணினா வந்துடுவான் சார்.” குரல் இறங்கிவிட்டது. “அதான் பயமா இருக்கு. நான் கேட்டேன்னு வருவான். ஒரு தடவை அப்படி வாங்கினது போதாதா? அண்ணன்கிட்ட இல்லைன்னு சொல்லமுடியாதுன்னு நினைச்சுக்கிட்டே கையை நீட்டறதை மறுபடியும் நான் பாக்கணுமா?”

அவரால் இப்போது கொடுக்கவும் முடியாது. நாற்பத்தொரு தடவை கொடுத்தவர். சர்க்கரைக்கு இன்சுலின் போட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த நாற்பத்தொன்றில் ஒன்றைக்கூட இந்தப் படிவத்தில் எழுத வழியில்லை.

பேச்சை மாற்றுகிற மாதிரி, ரத்தம் கொடுத்தபோது தந்த என் கார்டை வாங்கிப் பார்த்தார். நான் கொடுத்து மூன்று மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தன. மறுபடி கொடுக்க மூன்று மாதம் போதும். நாட்காட்டியில் அவர் விரல் ஓடி, என் தேதியில் நின்றது. மனசு வழக்கம்போல சாக்குகளைத் தேட ஆரம்பித்தது: மாலையில் வேலை இருக்கிறது, பெரியம்மாவை வீட்டில் விடவேண்டும், நேற்று சரியான தூக்கமில்லை.

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“பெரியம்மா படி ஏறறாங்களா?” என்று கேட்டார். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கேட்காமல் விட்டதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை, அண்ணன்மார் இல்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் இவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை.

“இடது கை” என்றேன்.

“யாருக்கு?” என்றார், தன்னிச்சையாகப் பேனாவை எடுத்தபடி.

“உங்களுக்குத்தான் சார்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி, பிஸ்கட்டோடு என் பக்கம் நகர்த்தினார். மேஜைக் கண்ணாடியைத் தூக்கிப் படிவத்தை உருவினார். காலி வரிகளில் முதலாவதில் எழுதத் தொடங்கினார். பெயர், வயது, எடை. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். அன்றும் சொல்லிக்கொண்டே வந்தார்.

‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டம் வந்தது. குரல் நின்றது. பேனா முனை தாளைத் தொடாமல் சற்று நேரம் இருந்தது.

பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவைத் தடுப்புக்கு அடியில் நீட்டினார்.