பதினாறாவது கம்பு

"கூடாரம் போடுங்க, இறகு வைங்க, வேலை முடிஞ்சுது." துறைத்தலைவி மேடம் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. வேடசந்தூர் பக்கம் ஒரு கல்லூரியில நான் வரலாறு எடுக்கிற தற்காலிக ஆசிரியை. உலக வீடுகள் கண்காட்சியில என் வகுப்புக்கு அமெரிக்கப் பழங்குடி வந்துச்சு. கேடோ மக்களோட வீட்டைத்தான் கட்டுவேன்னு நின்னேன். அவங்க கூடாரத்தோட அலைஞ்சவங்க இல்லை. மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் போட்ட சம்சாரிங்க. வட்டமா கம்பு நட்டு, நுனியை ஒண்ணா இழுத்துக் கட்டி, புல் வேய்ஞ்சு, குதிர் மாதிரி உசந்த வீட்டுல இருந்தவங்க.

"அவங்கள்லாம் இப்ப இல்லையேம்மா?"

"இருக்காங்க மேடம். டெக்சாஸ்ல இருந்து விரட்டிவிட்டாங்க. இப்ப ஓக்லஹோமாவுல இருக்காங்க. அவங்க ஆட்டமும் பாட்டும் இன்னும் நடக்குது."

மேடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாங்க. "சரி. நாளைக்குப் பத்து மணிக்கு விருந்தாளிங்க வர்றப்ப வீடு நிக்கணும். இல்லேன்னா கூடாரம்தான்."

நான் விடாப்பிடியா நின்னதுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு முந்தி நாலு வருஷமா நானே போர்டுல கூடாரத்தையும் இறகையும்தான் வரைஞ்சு, இம்புட்டுத்தான் அவங்கன்னு பாடம் நடத்தியிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு.

அவங்க முறையிலேயே கட்டுவோம்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். அங்க ஒரு வீடு எழும்பினா ஆளுக்கொரு கம்பு பொறுப்பு. அவங்கவங்க கம்பை அவங்கவங்கதான் கொண்டாந்து நடணும். லேட்டா வந்தா விளாறுக் குச்சியால அடி. ஆம்பளைக்கு நெஞ்சுல, பொம்பளைக்குத் தோள்ல. யாரும் கோவிச்சுக்கிறதில்லை. அந்தக் காலத்து ஸ்பானியப் பாதிரிமார் பார்த்து எழுதி வச்சது இது. பதினஞ்சு பிள்ளைங்க, என்னையும் சேர்த்துப் பதினாறு கம்பு. "எட்டு மணிக்கு வரணும். லேட்டானா யாரா இருந்தாலும் அடிதான்"னு பெருசா வேற பேசிட்டேன்.

மறுநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சுது வினை. என் பன்னெண்டடி மூங்கிலைப் பார்த்த கண்டக்டர், "இதை எங்கம்மா வைக்க, டிரைவர் தலையிலயா?"ன்னாரு. அடுத்த பஸ்ஸும் ஏத்தலை. கம்பைப் போட்டுட்டுப் போயிருக்கலாம். போடுவேனா? காலித் தக்காளிப் பெட்டியோட வேடசந்தூர் போன லோடு ஆட்டோவை மறிச்சு, மூங்கிலை நெடுக்க வச்சு, பெட்டிகளுக்கு நடுவுல நானும் உட்கார்ந்துட்டேன்.

போய் இறங்குறப்ப மணி ஒன்பது. பதினஞ்சு கம்பு வட்டமா நின்னுச்சு, ஒரு குழி மட்டும் காலி. வேய்றதுக்குச் சோளத்தட்டை கட்டுக் கட்டா கிடந்துச்சு. மேடம் கையில கூடாரத் துணி.

"இந்தப் பிள்ளைங்க பேச்சே கேக்கலம்மா. சுவத்தோரம் ஒரு கம்பு சும்மாதானே கெடக்கு, அதை நட்டு வேலையைப் பாருங்கன்னேன். அது எங்க மேடத்தோட குழி, அவங்க கம்போட வருவாங்கன்னுட்டாளுங்க."

திரும்பிப் பார்த்தேன். நல்ல மூங்கில்தான் கிடந்துச்சு.

எரியோட்டுல இருந்து வர்ற பிள்ளை, வகுப்புல வாயே தொறக்காதவ, புளிய விளாறோட முன்னால வந்தா. "அடிக்கணுமா மேடம்?"

"அடி. நான்தானே சொன்னேன்."

தோள்ல சுரீர்னு விழுந்துச்சு. யாரும் சிரிக்கலை. "இப்ப நடுங்க மேடம்"னா. நட்டேன்.

பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கப்ப கடைசித் தட்டைக் கட்டும் கூரை ஏறிருச்சு. மேடம் கூடாரத் துணியை மடிச்சு உள்ள வச்சுட்டு வந்தாங்க. விருந்தாளிங்க வந்ததும் நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அவங்களே சொன்னாங்க: "இது கேடோ மக்களோட வீடு. அவங்க இப்பவும் இருக்காங்க."