மெட்டலுக்கு வளர்த்த முடி

செந்தூல் மினி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தான். முதுகு வரை முடி, மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புச் சட்டை. ஹெவி மெட்டல் பாட்டு வெறியன். டிரைவர் பக்திப் பாட்டு போட்டாலும் இவன் பஸ் தகரத்தை டிரம்ஸ் மாதிரி இடித்துக்கொண்டே வருவான். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தைப்பூசம் நெருங்கிய ஒரு காலையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. அப்போது மெட்டல் கூட்டம் என்று சொல்லி முடி வளர்த்தவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏறிய சார்ஜன்ட் தமிழர்.

"பத்துமலை முருகனுக்கு முடி இறக்குற வேண்டுதலா தம்பி?" என்றார். தப்பிக்க வழி காட்டுகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"ஆமான்னு சொல்லு லா," என்று அவன் காதருகே சொன்னேன்.

"முருகன் பேர்ல எப்படிண்ணே பொய் சொல்றது?" என்றவன் சார்ஜன்டிடம் திரும்பினான். "மெட்டலுக்கு வளர்த்தேன் சார்."

"பைத்தியம் புடிச்ச பய," என்றார் பின்னாலிருந்த ஆன்டி.

சார்ஜன்ட் முகம் இறுகியது; இறங்கச் சொன்னார். அவன் டிக்கெட் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி, போலீஸ் வேனில் ஏறினான்.

மறுநாள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. டிரைவரிடம் கேட்டேன்.

"கேக்காதீங்கண்ணே," என்றார், சாலையைப் பார்த்தபடியே.

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். முருகனுக்குப் பயந்தானா, அந்த இரைச்சலை விட்டுக்கொடுக்க மனமில்லையா? அவனைத்தான் கேட்க வேண்டும். அவன் எங்கே என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.