வால் இல்லாத கிளி

நெசவாளர் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், போர்வைக்கான டிசைனை வாங்கிவர என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். ராஜ வீதியில் ஒரு மாடி அறை. வரைபவர் ஒல்லியான மனிதர். தூரிகையைச் சட்டையின் இடது கையிலேயே துடைப்பார். அதனால் வலது கை வெள்ளை, இடது கை திருவிழா. யார் வந்தாலும் பேசிக்கொண்டே அவர்களைத் துண்டுத்தாளில் வரைவது அவர் வழக்கமாம்.

என்னையும் வரைந்தபடியே, மேசைமேல் இருந்த டிசைனைக் கண்ணால் காட்டினார். எடுத்துப் பார்த்ததும் திக்கென்றது. வலது ஓரத்துக் கிளிக்கு வாலே இல்லை. இடது ஓரத்தில் வால் மட்டும் தனியாகத் தொங்கியது.

“ஏனுங்க, கிளி ஒரு பக்கம், வாலு ஒரு பக்கமாக் கெடக்குதுங்களே! நாளைக்கே தறியில ஏத்தோணுமுங்க. சங்கத்துல என்னையச் சும்மா உடுவாங்களாங்க?”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். தாளை வாங்கிக் குழாய்போலச் சுருட்டினார். இரண்டு ஓரங்களும் சேர, வால் கிளியோடு ஒட்டிக்கொண்டது.

“போர்வையில இதே படந்தானுங்க அடுத்தடுத்து வரும். இந்தக் கிளியோட வாலு பக்கத்துப் படத்துல இருக்குதுங்க. பயப்படாமப் போங்க.”

போன உயிர் திரும்பியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கிளம்பும்போது என்னை வரைந்த துண்டுத்தாளையும் மடித்து என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் அதைப் பிரித்தேன். ஒரு ஓரத்தில் என் பாதி முகம், மறு ஓரத்தில் மீதி. சுருட்டிப் பார்த்தேன். முழு முகமும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆனால் நான் சிரிப்பதற்கு முன்பே அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாரே!