ஆயுத பூஜையில் அடைத்த வால்வு

மலையாண்டி ரொம்பச் சுத்தக்காரர். காரைக்குடியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷமாக உதவியாளர். அவர் கழுவிய குடுவையில் தூசி கண்டவர் கிடையாது. அந்தப் பெருமையில் மனுஷன் கொஞ்சம் மிதந்தார் என்பதும் உண்மை.

தொண்ணூற்றெட்டில் மரிய அனிதா அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நகக்கண் அளவு சிலிக்கான் தகடு. அதன்மேல் பாலிமர் சங்கிலிகளை நாற்றங்கால் போல நெருக்கமாக, ஒரே உயரத்தில் வளர்க்க வேண்டும். வளர்ச்சிக்குக் கடிவாளம் செம்பு உப்பு. துளி காற்று புகுந்தாலும் பழுப்புக் கரைசல் பச்சையாகிவிடும், சங்கிலி வளராது. மூடி சரியாக இறுகாமல் ஒரு தடவை அப்படி ஆகிவிட்டது. மிச்சம் ஒரே தகடு. உதவித்தொகையும் அடுத்த மாதத்தோடு முடிகிறது.

ஆயுத பூஜையன்று காலையில் கடைசித் தகட்டைக் கரைசல் குடுவைக்குள் வைத்து, காற்று புகாமலிருக்க நைட்ரஜனைத் திறந்துவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பினாள்.

"அண்ணே, நைட்ரஜன் மட்டும் நிக்கவே கூடாதுண்ணே."

"நான் பாத்துக்கிறேம்மா. நீங்க ஏன் பதறுறீக?"

ஆனால் பூஜை நேரத்தில் ஆயுதம் ஓடக் கூடாது என்பது அவர் வளர்ந்த வழக்கம். பம்பு, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நைட்ரஜன் சிலிண்டருக்கும் வைத்து, சூடம் எரிகிற நேரம் மட்டும்தானே என்று வால்வை அடைத்தார். அப்புறம் பொரிகடலை பங்கு வைத்த அமளியில் மறந்தே போனார். மறுநாள் சாயங்காலம் நினைவு வந்து, சைக்கிளை மிதித்து வந்து திறந்தார். கரைசல் பச்சையாகக் கிடந்தது.

அனிதா வந்து பார்த்தாள். அழவில்லை.

"மூடிய நாந்தான் மறுபடியும் சரியா இறுக்கல போலண்ணே. என் கைராசி அப்படி."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மலையாண்டி. அடுத்த மாதமே அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பள்ளத்தூரில் அறிவியல் டீச்சராகப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பூஜைக்குச் சந்தனம் கரைத்தவருக்கு, சிலிண்டரைத் தொடக் கை வரவில்லை. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளத்தூர் பஸ் ஏறினார். அனிதா வீட்டில் காலாண்டுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று எழுந்தவளிடம், உட்காரக்கூட இல்லாமல் கொட்டிவிட்டார்.

"வால்வ அடைச்சது நாந்தாம்மா. நீங்க அவ்வளவு சொல்லிட்டுப் போயும் அடைச்சுட்டேன். உங்க கையில ஒரு தப்பும் இல்ல."

அனிதா சிவப்பு மை பட்ட கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிள்ளைகளுக்கு ஒரு சோதனைகூட நான் செஞ்சு காட்டுறது இல்லண்ணே," என்றாள். "இந்தக் கைக்குப் பயந்து, எல்லாத்தையும் போர்டுலயே எழுதிப் போட்டுட்டு வந்துர்றேன்."