மீசைக்காரரின் துவக்கு

மல்கிரேவில் என்னோடு வேலை செய்த பெரிய மீசைக்காரர் அவர். அலுவலகத்தில் எல்லோரும் துவக்கால் சாயக் குண்டு சுடும் பெயின்ட்போல் விளையாடப் போனபோது, பிரசவ லீவில் இருந்த என்னையும் அழைத்திருந்தார்கள். அவர் வாடகைத் துவக்கால் முதுகு சொறிந்தார், சப்பாத்துச் சேற்றைத் தட்டினார், களைத்ததும் அதைப் புல்லில் எறிந்தார். நான் என்னுடையதை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தேன்.

"தங்கச்சி, அது பால் குடிக்காது. கீழ வையும்!"

மாலையில் கணவர் எங்கள் மூன்று மாத மகளோடு என்னைக் கூட்டிப்போக வந்தார். மீசைக்காரர் ஆசையாகக் கை நீட்டினார். மகளைக் கொடுத்த பிறகுதான் அவர் புல்லில் எறிந்த துவக்கு நினைவுக்கு வந்தது.

அவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார். மீசை மட்டும் நடுங்கியது.

"தங்கச்சி, கெதியா வாங்கும். எனக்குப் பயமா கிடக்கு."

நான் மெதுவாகத்தான் போனேன்.