விதைக்கு ஒதுக்கிய பொடிக் கிழங்கு

ஜீப்பில் ஆறு மூட்டை ஏறிவிட்டது. ஏழாவதைத் தூக்கும்போது தடுத்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. போடியில் வேளாண்மைக் களப்பணியாளராக இருந்தேன். போடிமெட்டுக்குக் கீழே செல்லையாவின் சரிவு நிலத்தில் உருளைக்கிழங்கு பறிப்பு முடியும் நேரம். பெரிய கிழங்கு சந்தைக்கு, பொடிக் கிழங்கு விதைக்கு என்பது அங்கே வழக்கம். பெரியவை முதல் நாளே லாரியில் போய்விட்டன. பொடி முழுவதும் மகளுக்கு. அந்த மலைக் கணவாய்க்கு அப்பால், புகுந்த வீட்டில் அவளுக்குப் பிரித்துக் கொடுத்த நிலத்தில் முதல் விதைப்பு. மருமகன் பாண்டி ஜீப்போடு வந்திருந்தார்.

"இது விதைக்கு வேண்டாம் செல்லையா. செடியில இலைச்சுருட்டு வைரஸ் இருக்கு."

"கெழங்கப் பாருங்க சார், ஒரு சொத்தை இருக்கா? போன வருசம் இதே மாதிரி குவியலப் பாத்து நல்ல விதைன்னு சொன்னது நீங்கதான!"

சொன்னேன். செடியைப் பார்க்காமல் சொன்னேன்.

பாண்டி ஹாரன் அடித்தார். "மாமா, பொண்ணையே எந்த ஆபீசுலயும் கேக்காமத்தான் குடுத்தீக. கெழங்கு குடுக்க ஆபீசுல கேக்கணுமா? வெரசா ஏத்துங்க, இருட்டுமுன்ன மெட்டத் தாண்டணும்."

கடைசி நான்கு சால் மட்டும் பறிக்காமல் பச்சையாக நின்றது. அதில் அடியிலைகள் மேல்நோக்கிச் சுருண்ட குட்டைச் செடி ஒன்றைக் காட்டினேன். இலையை நெரித்தால் சருகுபோல் சத்தம் வந்தது. செல்லையா பிடுங்கினார். ஐந்து கிழங்கு, ஐந்தும் பொடி. பக்கத்தில் இலை விரிந்து நின்ற செடியில் ஒன்பது, ஏழு பெரிது. மேலும் பத்துச் செடி பிடுங்கினோம். அதே கதைதான்.

செல்லையா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நல்ல செடியையெல்லாம் வித்துப்புட்டு, சீக்குச் செடியாப் பொறுக்கி விதைக்கு வச்சிருக்கேனா?"

"ஆமா. அசுவினிப் பூச்சி அதுல சாறு குடிச்சிட்டு அடுத்த செடிக்கும் கொண்டுபோகுது."

"நெலம் ஒதுக்கியாச்சு," என்றார் பாண்டி. "அப்பா விதை தர்றாருன்னு உங்க மக ஊரெல்லாம் சொல்லிட்டா. நான் வெறுங்கையோட போயி என்னத்தச் சொல்ல?"

செல்லையா எழுந்து ஆறு மூட்டையையும் தாமே இறக்கினார். நான்கு சாலில் நல்ல செடிகளை மட்டும் பறித்தோம். ஒன்றரை மூட்டை தேறியது.

"ஆன மட்டும் இத ஊனுங்க மாப்ளே. மிச்சத்துல பீன்ஸ் போடுங்க. மககிட்ட நானே வந்து சொல்றேன்."

பாண்டி அந்த ஒன்றரை மூட்டையை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோய் கிழங்கில் தெரியாது. செடி பச்சையாக இருக்கும்போதே சாலில் இறங்கி நடந்து பாருங்கள். சுருண்டதைக் கிழங்கோடு பிடுங்கச் சொல்லுங்கள். தாமதமாகப் போனால், ஒரு தகப்பன் மருமகன் முன்னால் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.