காபிக்கு முன்பே போன அறிக்கை

சிவெர்ட் காலணிகளைக் கழற்றி வாசல் அடுக்கில் வைத்தபிறகும் பையைத் திறப்பதில்லை. காலுறையோடு கூடத்தின் நடுவே போய் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார். அலாரம் கத்துகிறதா, கத்தட்டும். வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உதட்டின்மேல் விரலை வைக்கிறார். "அது பேசி முடிக்கட்டும். அப்புறம் நீங்க பேசுங்க."

நார்வேயின் பெர்கன் நகரில் வீட்டு அலாரம் பழுது பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். சத்தம் நிற்கவில்லையென்றால் பெட்டியையே மாற்றிவிட்டுக் கிளம்புவார்கள். சிவெர்ட் காரணம் தெரியாமல் நகரமாட்டார். சென்சாருக்குள் குடியேறிய சிலந்தியை, ஹீட்டர் சூட்டில் அசைகிற திரைச்சீலையை, சமையலறை மேடையில் தாவுகிற பூனையைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். பிடித்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளை தோற்றுப்போகும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. அறிக்கையைக் கைபேசியில் எழுதி அனுப்பும்வரை அந்த வீட்டுக் காபியைத் தொடமாட்டார். "குடிச்சிட்டா மனசு இளகிடும். அப்புறம் கை அவங்க சொல்றதத்தான் எழுதும்."

போன அக்டோபரிலிருந்து இந்தப் பிடிவாதத்தை நினைத்துத்தான் மனம் நொந்துகொண்டிருக்கிறார்.

ஓஸ்ஹில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை அழைத்திருந்தார். பின்கதவு அலாரம் மதியமானால் சும்மா சும்மா அலறுகிறதாம். "மெஷின்தான் கெட்டுப்போச்சு. கதவ யாரும் தொடறதேயில்ல." அவருடைய கணவர் ஹால்வார்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். அறிக்கையின் நகல் ஒன்று நகராட்சிக்கும் போக வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். ஏன் என்று சொல்ல வந்தவரை சிவெர்ட்டின் விரல் அடக்கிவிட்டது.

பேட்டரி, கம்பி, காந்தம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. குழம்பிப்போய் வாசலுக்கு வந்தவர் கண்ணில் காலணி அடுக்கு பட்டது. மழையில் வந்த அவருடைய காலணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ஹால்வார்டின் காலணியும் சொட்டியது. குனிந்து தொட்டுப் பார்த்தார். நல்ல ஈரம்.

"பெட்டி பொய் சொல்லலம்மா. இவருதான் தொறந்துட்டு வெளிய போயிட்டு வர்றாரு," என்று பெருமையோடு சொன்னார். சொன்ன கையோடு அதையே எழுதி, நகராட்சிக்கும் நகலோடு அனுப்பியும் விட்டார். பிறகு வாஃபிள் பலகாரத்துக்கும் காபிக்கும் உட்கார்ந்தார்.

ஓஸ்ஹில் காபியை ஊற்றினார்.

"சத்தத்தப் பத்திப் பக்கத்து வீட்டுக்காரங்க புகார் பண்ணிட்டாங்க. இவருக்கு மறதி. இன்னொரு தடவ தனியா வெளிய போனா முதியோர் ஹோம்லதான் சேர்க்கணும்னு நகராட்சி நர்ஸ் கண்டிச்சு சொல்லிட்டாங்க. அலாரம்தான் கோளாறுன்னு சொல்லிப் பாத்தேன். அப்போ அதுக்கு ஒரு பேப்பர் காட்டுங்கன்னாங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

சிவெர்ட் கைபேசியை எடுத்துப் பார்த்தார். போனது போனதுதான். திரும்பப் பெற வழியில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, கண்டுபிடித்ததற்காக வெட்கப்பட்டார்.

அப்போதுதான் ஹால்வார்ட் எழுந்து காலணியை மாட்டிக்கொண்டு, "தபால் வந்திருக்கும்" என்று பின்கதவைத் திறந்தார். அலாரம் அலறியது.

"தபால் நாளைக்குத்தாங்க," என்றார் ஓஸ்ஹில், யாருக்கும் கேட்காத குரலில்.

சிவெர்ட் அலாரத்தை நிறுத்தப் போகவில்லை. ஹால்வார்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மழையில், தெருமுனையில் அந்த வீட்டுக்கு வரும் தபாலைப் போட்டுவைக்கிற பெட்டிவரை நடந்தார். மூடியைத் தூக்கினார். காலி.

"நல்லாப் பாருங்க. உள்ள தள்ளியிருக்கும்," என்றார் ஹால்வார்ட்.

சிவெர்ட் முழங்கைவரை கையை உள்ளே விட்டு, மூலை மூலையாகத் துழாவினார்.